இடப்பக்கம் ரெண்டு இஞ்சு

லாட்ஜ் வரவேற்பறையில் மாட்ட
பொங்கியண்ணன் கொண்டுவந்த படம்:
கம்பெனிச் சிப்பாய் ஒருவன் வரைந்து
லண்டனில் அச்சான சங்ககிரி மலை.

மலையைக் கொஞ்சம் இழுத்து உயர்த்தியிருக்கிறான்.
அடிவாரம் முழுக்கத் தென்னை.
லாரிக்கு பாடி கட்டுகிற ஊரில் ஏதுங்க இத்தனை தென்னை?
"அப்ப இருந்திருக்குமுங்."

உச்சியில் அவர்கள் கொடி, எறும்பளவு.
கையால் தீட்டிய அந்தச் சிவப்பு மட்டும்
மங்கவேயில்லை.

வாங்கிவந்த சட்டத்துக்குப் படம் அகலம்.
"இடப்பக்கம் ரெண்டு இஞ்சு வெட்டிப் போடுங்,
அங்கென்ன இருக்குது?"

நாலு பேர் இருந்தார்கள்.
வரைகிறவனின் மேசை, குடை, மைப்பெட்டி,
ஒரு கோழிக்கூண்டு, இவற்றைத் தூக்கிக்கொண்டு.
அடியில் ஆங்கிலத்தில்
வரைந்தவன் பெயர், செதுக்கியவன் பெயர்,
விற்ற தெருவின் பெயர்கூட.

வெட்டினேன். கூலி நூற்றெண்பது.

துண்டு என் மேசைக் கண்ணாடிக்கடியில் கிடக்கிறது.
மலை போயிற்று, துரை போய்விட்டான்.
இறக்கி வையென்று சொல்ல ஆளில்லாமல்
நாலு பேரும் சுமந்தபடியே.

கூண்டுக்காரனுக்கு முகம் போடவில்லை, ஒரு புள்ளிதான்.
டீ கிளாஸை எங்கே வைத்தாலும்
அந்தப் புள்ளிமேல் வைப்பதில்லை.