தட்டிப் பார்த்தல்

ஸ்டாடெ நகரம். எல்பே ஆற்றின் மூடுபனி
ஹேங்கர் கதவுவரை வந்து நிற்கிறது.
ஐம்பது சென்ட் நாணயத்தால்
இறக்கையைத் தட்டிக்கொண்டே போகிறாள் ஃப்ராவ்கெ.

ணங். ணங். ணங்.

அலுமினியமென்றால் பட்ட இடத்தில் குழிந்து
போட்டுக்கொடுத்துவிடும்.
இந்தக் கார்பன் இழை கமுக்கம்.
சாயத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ணங்.
பொத்.

மறுபடி தட்டுகிறாள்.
பொத்.

உள்ளே ஏழாம் அடுக்கும் எட்டாம் அடுக்கும்
முகம் கொடுத்துப் பேசுவதில்லை,
உள்ளங்கை அகலத்துக்கு.

மெழுகுப் பென்சிலால் வட்டமிடுகிறாள்.
யாரென்று கேட்கவில்லை.

செவ்வாய் இரவு ஸ்பேனர் கைநழுவ,
விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்து
'ஒன்றுமில்லை' என்று
தனக்கே சொல்லிக்கொண்ட டெட்லெஃப்
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.