திரும்பி வராத படிவங்கள்

ஔனே கிவெலாவுக்குச் சிலை வைக்கப் போகிறார்களாம்.
மூக்கு எப்படி இருக்கும் என்று
சிற்பி என்னைக் கேட்கிறான்.
பதினேழு வருடம் அவளுக்குத் தட்டச்சு செய்தவள் நான்.
எனக்கு நினைவிருப்பது அவளுடைய பனிக்காலணி:
இடது வார் அறுந்து, மின்கம்பியால் கட்டியது.

சுப்பீரியர் ஏரியின் தென்கரை.
தாமிரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக
வாய் மூடிக்கொண்ட காலம்.
அவள் பட்டறை மட்டும் ஓடியது,
லாரிகளுக்குப் பனி வாரும் தகடு செய்து.
"வானம்தான் என் விற்பனையாள்,
சம்பளமும் கேட்காது" என்பாள்.

அறுபத்தொன்றில் அறக்கட்டளை. ஆண்டுக்குப் பத்து உதவித்தொகை.
பத்துப் பேரும் பாதிரியாரின் நற்சான்றோடு
வகிடெடுத்து வந்து கைகுலுக்கினார்கள்.
கேக் வெட்டினோம். படம் எடுத்தோம்.
படத்தில் எல்லோருக்கும் ஒரே பல்வரிசை.

ஒரு மார்ச் மாதம், கேக் மீந்துபோன மறுநாள்,
"எத்தனை படிவம் அனுப்பினாய்?" என்றாள்.
முந்நூற்றுப் பதினாறு.
"வந்தது?"
நூற்று நான்கு.
பென்சிலால் கழித்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
பாலில் எதுவோ விழுந்துவிட்டதைப் போல
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகவரிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.
லாரியை அவளே ஓட்டினாள், முன்னால் தகடு பூட்டி.
வழி இல்லாத வீடுகளுக்கு
வழி செய்துகொண்டே போனோம்.

அப்பா கையெழுத்து வேண்டுமாம்,
அப்பா எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்றே தெரியாது, என்றது ஒரு பெண்.
மரமறுக்கும் பையன்
'பகல் வகுப்பு மட்டும்' என்ற வரியின் மேல்
காப்பிக் கோப்பையை வைத்திருந்தான்.
இரண்டு குழந்தைக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள்.
'மணமாகாதவர்' என்ற இடத்தை விரலால் காட்டிவிட்டு
மூடிக்கொண்டாள்.

ஓஜிப்வே குடியிருப்பில் டெல்ஃபின்
ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள்:
'நீ வென்று கடந்த துன்பத்தை விவரி.'
"இன்னும் கடக்கவில்லையே" என்றாள்.
குரலில் கோபமே இல்லை.
உள்ளே அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது.

பதினொரு பக்கம் ஒரு பக்கமானது.
நற்சான்று போனது. பகல் போனது. அப்பா போனார்.
துன்பமும் போனது,
படிவத்திலிருந்து மட்டும்.

அறங்காவலர் டிரெத்யூவி மேசையைத் தட்டினார்:
"இனிக் கண்டவனெல்லாம் வருவான்!"
"நாம் இதுவரை காணாதவன் வரட்டும்" என்றாள்.
அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.
அவள் பட்டறையில் பாதியை விற்றாள்.
பேருந்துச் சீட்டுக்குக் கொடுத்தோம்,
கடைவாய்ப்பல் பிடுங்கக் கொடுத்தோம்,
பரீட்சை நாளில் பிள்ளை பார்த்துக்கொள்ளவும்.

ஒருவன் பணத்தோடு டெட்ராய்ட் போனான்.
போனவன் போனவன்தான்.
டிரெத்யூவி வாழ்த்து அட்டை அனுப்பினார்.
அவள் என்னைப் பேரேட்டில் எழுதச் சொன்னாள்,
வரவுப் பக்கத்தில்:
'ஒரு குளிர்காலம் வேதியியல் படித்தான்.'

நிருபர் ஒருவர் வந்தார்.
"இளமையில் நீங்கள் பட்ட வறுமையைப் பற்றி..."
"படவில்லை.
என் கல்லூரிக் கட்டணத்தை அப்பா
ஒரே காசோலையில் கட்டினார்.
நான் ஜன்னலில் பனி பார்த்துக்கொண்டிருந்தேன்.
இப்படியொரு படிவம் உலகத்தில் இருப்பதே
எனக்குத் தெரியாது."
அதை அவர் அச்சில் போடவில்லை.

ஆறு வருடம் இரவுப் பள்ளியில் படித்த டெல்ஃபின்
இப்போது ஏரித் தண்ணீரைச் சோதிக்கிறாள்.
சிலைக் குழுவில் எதிர்த்து வாக்களித்தது அவள் ஒருத்திதான்:
"அந்த வெண்கலத்துக்கு எத்தனை பேர் படிக்கலாம்?"

இந்த ஆண்டும் கழித்துப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று.
சிற்பி மறுபடி அழைக்கிறான்.
வண்டியில் இருக்கிறேன், பிறகு பேசு என்றேன்.
டெல்ஃபின் ஓட்டுகிறாள்.
கண்ணாடியில் பனி விழுந்துகொண்டே இருக்கிறது,
முகவரித் தாள் என் மடியில்,
முதல் வீட்டுக்கு
இன்னும் பாதை தெரியவில்லை.