ரெட்டை விசில்

ஊரடங்கின் நாற்பத்தாறாம் நாள்
எனக்குப் பதினெட்டு.

பாபநாசத்து அம்மன் பெயர் எனக்கு. உலகம்மாள்.
பள்ளிக்கூடத்தில் ‘வேர்ல்டு’.
உலகத்தைப் பூட்டியாச்சாம்ட்டி,
ஒன்னய எப்ப பூட்டுவாங்க என்று
மாசானம் விடிந்ததிலிருந்து கேட்கிறான்.
பதிமூன்று வயதுக்கு அதுதான் பகடி.

போன வருடமே பேசி வைத்தது:
பதினெட்டு அன்றைக்கு அப்பா வண்டியில்,
டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில்,
பாபநாசம் வரை.
படித்துறையில் ஒரு முங்கு. மீனுக்குப் பொரி.
வண்டி இப்போது டெப்போவில்
தலையெல்லாம் வேப்பஞ்சருகோடு நிற்கிறது.
அப்பா தெருமுனை வரை போய்
அடைத்திருக்கும் தகரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.
வந்ததும் சோப்பு.
சில்லறை எண்ணிக் கறுத்த விரல்கள்
இருபது வருடத்தில் முதல் தடவை
வெளுத்திருக்கின்றன.

காலையில் சுரண்டையிலிருந்து ஆவுடைத்தாய் அத்தை.
வாழ்த்தெல்லாம் முடிந்ததும் குரலை இறக்கி,
“சட்டப்படி வயசு வந்தாச்சுல்லா மதினி,
இப்ப முடிச்சா இருவது பேரோட முடிஞ்சிரும்,
பந்தச் செலவு மிச்சம்.”
ஸ்பீக்கரில் இருப்பது அவளுக்குத் தெரியாது.
அம்மா சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.
மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற அதே சொதி.
எனக்குப் பிடிக்கும் என்பதற்காக.
துருவுகிற கை நிற்கவில்லை.
“மதினி, இங்க சிக்னலே இல்ல” என்றாள்.
நாலு கோடும் நிமிர்ந்து நின்றது.

கேக் குக்கரில் வெந்தது,
விசிலைக் கழற்றி வைத்துவிட்டு.
நடுவில் ஒரு குழி. அதில் நட்டது
கரண்ட் போனால் ஏற்றுகிற பாதி மெழுகுவர்த்தி.
குனிந்து மூச்சை இழுத்தேன்.
“ஊதாத! எச்சி தெறிக்கும்!”
மாசானம் கத்திய கத்தில்
எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.
விளையாட்டாகத்தான் கத்தியிருப்பான்.
ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.
அம்மா ரேஷன் கார்டால் விசிறி அணைத்தாள்.

அப்பா உள்ளே போனார்.
வெந்நீர் கொதிக்கிற சத்தம்.
கல்லுப்புப் போட்டு அலசிய விசிலை
கறுப்புக் கயிறோடு என் கழுத்தில் போட்டார்.
“இத ஊது. எம்புட்டு வேணும்னாலும் ஊது.”

தட்டட்டியில் ரெண்டு நாற்காலி, நடுவில் வழி,
ரெண்டு நாற்காலி.
அப்பா சாரத்தை மடித்துக் கட்டி,
கக்கத்தில் என் ஜாமெட்ரி பாக்ஸோடு,
“உள்ள போங்க, உள்ள போங்க,
படியில நிக்காதீங்க” என்றார்,
வெறும் வெயிலைப் பார்த்து.
கொடுத்தேன் ரெட்டை விசில்.
கே.டி.சி. நகர் முழுக்கக் கேட்டிருக்கும்.

முன்னீர்பள்ளத்தில் ஒரு காக்கா ஏறியது.
மேலச்செவலில் அம்மா தூங்கி விழுந்தாள், நிஜமாகவே.
பத்தமடை.
சேரன்மாதேவியில் மாசானம்
எவனுக்கோ சில்லறை பாக்கி என்று சண்டை பிடித்தான்.

“யாருல அங்க விசிலு?”

கீழே போலீஸ்காரர்.
முகமூடிக்கு மேலே கண் மட்டும்,
கையில் லத்தி.
அப்பா கைப்பிடிச் சுவரோரம் போய்
ஜாமெட்ரி பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.
“பிள்ளைக்கு இன்னைக்குப் பதினெட்டு சார்.
பாபநாசம் போயிட்டிருக்கோம்.”

எட்டிப் பார்த்தேன்.
லத்தி நுனியால் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்.
அப்புறம், கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டார்:
“வீரவநல்லூர்ல நிக்குமா?”

“எக்ஸ்பிரஸ் இல்ல சார்,” அப்பாவுக்கு
டூட்டிக் குரல் திரும்பியிருந்தது,
“எல்லா ஸ்டாப்பும் நிக்கும்.”

காருகுறிச்சி தாண்டினோம்.
ஒற்றை விசில் கொடுத்தேன்.
வண்டி நின்றது.
தெருவில் அவரும் நின்றார்,
லத்தியைக் கக்கத்தில் இடுக்கி,
எந்த வீட்டையோ பார்க்கிற மாதிரி
எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

யாரும் இறங்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார்.
இனி வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டியது நான்தான்.
விசிலை வாயில் வைத்து, அவசரப்படாமல்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.