இருபத்து மூன்று டிகிரி

கீழக்கரையில் மார்கழி.
டொரொன்டோவிலிருந்து மக்தூம் காக்கா கேட்கிறார்:
"குளம் உறைஞ்சிருச்சா?"
வெப்பமானியில் இருபத்து மூன்று.
மப்ளர் கட்டியிருப்பதை நான் சொல்லவில்லை.

பில்டர் பஞ்சைப் பிழிந்தால்
வாடைக்காற்று கொட்டிய மணல், வேப்பஞ்சருகு,
ஒரேயொரு ஆரஞ்சுச் செதில்.
குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது,
பஞ்சில் குடியிருப்பவை செத்துவிடும்;
குளத்துத் தண்ணீரில்தான்.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்ற பிறகுதான்
கடல் இவ்வளவு பக்கம் என்று கேட்டது.
வாளியில் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றினேன்.
மொண்டு, ஊற்றி.
வலது தோள் போனதும் இடது.
ஒவ்வொன்றும் என் ஒரு வருடச் சம்பளம்;
எட்டும் நுரைக்கடியில் வந்து
வாயைத் திறந்துகொண்டு நின்றன.

ஐந்தேகாலுக்கு மோட்டார்
இருமி, சேறு துப்பி, ஓடியது.
காக்காவுக்கு அனுப்பினேன்:
"உறையலை."