கம்பிப் பதம்

பினாங்கில் மழை. லோங்காங் நிரம்பிக்
கார் நிறுத்துமிடம் வரை நாறுகிறது.
மூன்றாம் மாடியில் என் தட்டுகளுக்கு மட்டும்
முப்பத்தைந்து டிகிரி, மாறாத கோடை.

நேற்று மாலை பரப்பியதை
இன்று காலை திறக்கிறேன்.
ரோஸ் நிறத்தில், ஈரமாய், கொழுத்து
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன.
கம்பியால் தொட்டுத் தூக்கினால்
அறுபடாமல் நூலாக நீள்கிறது.
லட்டுக்குப் பாகு காய்ச்சியவர்கள்
பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்,
கம்பிப் பதம் என்று.
எங்கள் பதிவேட்டில் க்ளெப்சியெல்லா.
ஏழாம் கட்டிலின் சளியிலிருந்து வந்தது.

மறுநாள் இன்னொரு தட்டு.
பொட்டு அளவில் ஆறு காகித வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் ஊறிய ஒரு மருந்து.
மருந்துக்கு வலுவிருந்தால்
வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காத
வட்டம் ஒன்று தெளியும்.
ஸ்கேல் வைத்து அளப்பேன்.

மெரோபெனெம்: ஆறு மில்லிமீட்டர்.

ஆறு என்பது வில்லையின் சொந்த அகலம்.
மருந்து தன் வாசற்படியைத் தாண்டவில்லை என்பதை
நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்.

லேபிளில் குணாளன் த/பெ அடைக்கலம், வயது 34.
பாலத்தில் மோட்டார்சைக்கிள் சறுக்கி
விலாவும் காலும் ஒடிந்து வந்தவர்.
இதை அவர் கொண்டுவரவில்லை.
இங்கே வாங்கிக்கொண்டார்.
அவருக்கு முன்னால் அதே வார்டில் நான்கு பேர்.

டாக்டர் யாப் சியூ மெய் ஆய்வுக்குப் பணம் வாங்கினார்.
பஞ்சுக் குச்சிகளோடு என்னை அனுப்பினார்.
கட்டில் சட்டம், திரைச்சீலை, மானிட்டர் பொத்தான்,
சக்கர நாற்காலியின் பிடி,
தாதி ரொஹானாவின் பேனா கூட
(சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள்,
மறுவாரம் கேட்டபோது சிரிக்கவில்லை).
பதினொரு வாரம்.
எதிலும் அது முளைக்கவில்லை.

வாரா வாரம் மேலே போகுமுன்
மாமாக் கடையில் ஒரு தே தாரே பொட்டலம்.
பாதிதான் குடிக்க முடியும்.
வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, அது விதி.
விதியை மதித்து
கதவருகே கை கழுவும் தொட்டியில்
மீதியைக் கொட்டுவேன்.
பிறகு சோப்பு, ஏழு படிநிலை, மணிக்கட்டு வரை.
கையுறை மாட்டி
கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று
தேடத் தொடங்குவேன்.

பன்னிரண்டாம் வாரம் பட்டியலில் இடம் தீர்ந்துபோனது.
சும்மாதான்
அந்தத் தொட்டியின் ஓட்டைக்குள் குச்சியை விட்டேன்.

ரோஸ் நிறம்.
கம்பியால் தொட்டால் நூல்.
ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம்,
குணாளன், தொட்டி.
பட்டைக்குப் பட்டை பிசகவில்லை.
இரட்டைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்போல்
பெயர் மட்டும் வேறு.

குழாய் வளைவில் வழவழப்பாய் ஒட்டிக்கொண்டு
சர்க்கரைக்குக் காத்திருந்தது.
மிச்ச குளுக்கோஸ், யாரோ கொட்டிய மைலோ,
என் கெட்டிப்பால்.
தண்ணீரைத் திறந்தால் துளி ஒரு மீட்டர் தெறிக்கும்.
ஏழாம் கட்டிலின் தலைமாடு
தொண்ணூறு சென்டிமீட்டர். நானே அளந்தேன்.

டாக்டர் யாப் கட்டுரை வரைவில் எழுதினார்:
‘பணியாளர்களின் பானக் கழிவுகள்’.
பன்மைக்கு இரக்கம் அதிகம்.
ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு
வரைவைத் திருப்பிக் கொடுத்தேன்.

வளைவைக் கழற்ற வந்த தவசீலன்
டார்ச் அடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.
“யாரும்மா இங்க பால் ஊத்துனது?”
அவர் குழாயைத்தான் கேட்டார்.

குணாளனின் மாதிரி பத்தொன்பதாம் நாள் வரை வந்தது.
அப்புறம் இல்லை.
ஆய்வுக்கூடத்தில் மாதிரி நின்றுபோனால்
ஒன்று, ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.
கணினியில் அவர் எண்ணைப் போட்டு
ஒரு விசையைத் தட்டினால் போதும்,
எந்த லிஃப்டில் இறங்கினார் என்று தெரிந்துவிடும்.

எண்ணைப் போட்டுவிட்டேன்.
வெளியே கதவுப் பிடியில்
தே பொட்டலம் கயிற்றில் தொங்கி
ஆறிக்கொண்டிருக்கிறது.