முடிக் கணக்கு

கல்கிசைக் கரையில், தாழைப் புதருக்குப் பக்கத்தில்
ஒரு மடக்கு மேசை. அதன் பின்னால் நான்.
காசுப்பெட்டி, ரப்பர் முத்திரை,
மூன்று நிரல் போட்ட பேரேடு:
பெயர். தலை. ரூபா.

ஹொலிவூட் கம்பனிக்கு
எழுபது அமெரிக்கச் சிப்பாய்கள் வேண்டியிருந்தது.
வியட்நாமில் படம் பிடிக்க வழியில்லை,
அங்கே மெய்யாகவே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
பொல்கொட வாவிக்கரை நாணலுக்குள்
இரண்டு ஓலைக்குடிலைக் கொளுத்தினால்
வியட்நாம் வந்துவிடும் என்றார் மிஸ்டர் கிரெப்ஸ்.
வெள்ளைக்காரப் பெடியன்களுக்கு?
அவர்கள் கரை நெடுகக் கிடந்தார்கள்,
மணலும் கிட்டாரும் கஞ்சாப் புகையுமாய்,
அந்த யுத்தத்துக்கு வரமாட்டோம் என்று
பாதி உலகத்தைச் சுற்றி வந்தவர்கள்.

தலைக்கு நாற்பது ரூபா. மதியச் சாப்பாடு கம்பனியுடையது.
ஒரேயொரு நிபந்தனை.

வெள்ளவத்தையிலிருந்து அரியகுட்டியர் வந்திருந்தார்,
நாற்காலியோடும் மெஷினோடும்.
மயிரின் விலை தெரிந்த மனுஷன்.
போன சித்திரையில், ஊரடங்குக்கு நடுவில்,
தாடி வைத்தவனையெல்லாம் ஜீப் அள்ளிக்கொண்டு போக,
விடியமுன் பின்கதவால் வந்த பெடியன்களை
விளக்குப் போடாமல் வழித்துவிட்டவர்.
என் தம்பியும் வந்திருந்தான்.
அன்றைக்கு ஒருவரிடமும் காசு வாங்கவில்லை.

இவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.
கொட்டிய முடியை ஒருவன் மேல் ஒருவன் எறிந்தார்கள்.
சீருடை போட்டதும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள்,
அதைத் தாங்களே கவனித்துக் கூசினார்கள்.
நான் எழுதிக்கொண்டே போனேன்.

முப்பத்தெட்டாவது, வெண்டல்.
தோள்வரை முடி, நனைந்த சணல் நிறம்.
மூன்று நாளாகப் பாணும் சம்பலும் மட்டும் என்று
என் மேசையில் சொல்லிவிட்டுப் போய் இருந்தான்.
மெஷின் இடப்பக்கம் முழுக்க ஓடி முடிந்தது.
பிறகு மெல்லச் சொன்னான்:
"இந்தக் கதிரைக்குப் பயந்துதானே
ஊரை விட்டு ஓடி வந்தேன்."

அரியகுட்டியருக்கு இங்கிலீஷ் விளங்கும்.
மெஷினை நிறுத்தினார்.
கடல் மட்டும் இரைந்தது.

வெண்டல் எழும்பினான்.
அரைத் தலை சிப்பாய், அரைத் தலை அவன்.
"அரைத் தலைக்குக் காசில்லை" என்றார் கிரெப்ஸ்.
பெயரை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.
அவன் ரயில் தண்டவாளத்தில் ஏறி
தெஹிவளைப் பக்கம் நடந்தான்.
சிலிப்பர்க் கட்டை தவறாமல் கால் வைத்து,
காற்று ஒரு பக்கத்தை மட்டும் கலைக்க.

கொட்டியதையெல்லாம் சாக்கில் கூட்டிக் கட்டி
கொம்பனித்தெருவுக்கு அனுப்பினார்கள்.
ஏன் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது.
கதையில் சிப்பாய் வீடு திரும்புகிறான்,
விமான நிலையத்தில் ஹிப்பிகள் அவன்மேல் துப்புகிறார்கள்.
இரத்மலானையில் அந்தக் காட்சி.
உண்மையான ஹிப்பிகளுக்கு இப்போது முடியில்லை,
ஆகவே பம்பலப்பிட்டிப் பறங்கிப் பையன்கள்,
வங்கிக்காரரின் மகன்மார், றக்பி விளையாடுகிறவர்கள்,
நெற்றியில் பசை தடவி டோப்பா மாட்டி நின்றார்கள்.
வெயிலில் பசை உருகி வழிந்தது.
"இன்னும் அழுக்காக!" என்று கத்தினார் டைரக்டர்.
"இன்னும் வெறுப்பாகத் துப்பு!"
நல்ல வளர்ப்பில் வளர்ந்த பிள்ளைகள்.
துப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

ஒருவனுடைய டோப்பாவில்
நனைந்த சணல் நிறத்தில் ஒரு கற்றை.
நான் பேரேட்டைத் திருப்பினேன்.
முடி, வாடகை, எழுபது.

அடுத்த வருஷம் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து
கணக்குப் பரிசோதகரின் கடிதம்.
எல்லாம் சரி, ஒன்றே ஒன்று விளங்கவில்லையாம்:
கல்கிசையில் முடி வெட்டிய நாளில்
தேநீருக்கு இருபது ரூபா மேலதிகச் செலவு ஏன்?

தண்டவாளம் வரை ஓடி, மூச்சு வாங்க,
ஒருவன் கைக்குள் இரண்டு தாளைத் திணித்ததை
எந்த நிரலில் எழுதுவது?

டைப்ரைட்டரில் தாளை ஏற்றினேன்.
ஐயா,
அன்றைக்குக் கடும் வெயில்.