ஐம்பது பைசா

இரும்பாலையில் என் வேலை
வட்டம் வெட்டுவது.
சுருள் சுருளாய் வரும் தகட்டிலிருந்து
கொட்டிக்கொண்டே இருக்கும்,
தலையும் இல்லாமல் பூவும் இல்லாமல்.
எந்த நாணயச் சாலைக்குப் போகிறதோ
அங்கே அதற்கு முகம் வைப்பார்கள்.
ஷிப்ட் முடிந்து கேட்டில்
சோற்று டப்பாவைத் திறந்து காட்டுவோம்.
ஒரு வில்லைகூட என்னோடு வீட்டுக்கு வந்ததில்லை.

வீட்டில் இருப்பதெல்லாம் பூங்கோதை கொண்டுவந்தது.
மஸ்கட்டில் நர்ஸ்.
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு.
நோட்டு மாற்றித் தருகிறவன்
சில்லறையைத் தொடமாட்டான்,
அவன் தள்ளிவிட்டது எனக்கு.
இன்சுலின் வந்த அட்டைப்பெட்டியில்
ஸ்பாஞ்சைக் குழி குழியாய் வெட்டி
குழிக்கு ஒன்று.
கொழும்பில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்ததற்கு
ஒரு பத்து ரூபாய்.
தோஹாவில் குடிக்காமல் விட்ட காபிக்கு
இரண்டு ஐம்பது திர்ஹம்.
மடிப்பில் டெட்டால் வாசத்தோடு
ஒரு நூறு பைசா நோட்டு.
ஆமாம், அங்கேயும் பைசாதான்.
இங்கே ஐம்பது பைசாவைக் கண்டே எத்தனை வருஷம்.
அங்கே இரண்டு இருந்தால் ஒரு டீ என்றாள்.

நேற்று காலை ஷிப்டுக்கு
பஸ்ஸில் நீட்டிய சில்லறையில்
ஒன்று எப்படியோ கலந்துவிட்டது.
இரண்டு ரூபாய் மாதிரியே அகலம்.
கண்டக்டர் மாதையனின் விரலுக்குத் தெரிந்துவிட்டது.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்,
குறுக்கே இரண்டு வாள், நடுவில் ஒரு கத்தி.
“எந்தூர்துங்க இது?”
சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.
தரவில்லை.
ஜங்ஷனில் கூட்டம் இறங்கியதும்
பக்கத்தில் வந்து உட்கார்ந்து
தோல் பையின் உள்ஜிப்பைத் திறந்தார்.
மலேசியா. சிங்கப்பூர். ஒற்றை யூரோ சென்ட்.
ஓட்டை போட்டது ஒன்று,
எந்த நாடென்று அவருக்கே தெரியாது.
“எல்லாம் எந்தலையில கட்டுனதுங்க.
கணக்குல குறையறதுக்குக் கைக்காசு போட்டுக் கட்டுவேன்.
பதினாலு வருசம், இருபத்திரண்டு நாடு.
இந்தப் பக்கம் இரும்பாலை,
அந்தப் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்டு.
தாண்டுனதில்லீங்க.”
வருத்தமாகச் சொன்னாரா என்று கேட்காதீர்கள்.
விசில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.
அவரிடம் மஸ்கட் இல்லை.
இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்து டிக்கெட்டை நேர்செய்தேன்.
ஓட்டைக் காசு என் சட்டைப்பைக்கு வந்தது.

இரவு போனில் சொன்னதும்
“என் காச வெச்சு பஸ் ஏறுனியா” என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம்
எதையோ துழாவும் சத்தம்.
கைப்பைத் தையலுக்குள்
நம்மூர் இரண்டு ரூபாய் ஒன்று சிக்கியிருந்ததாம்,
போன மாசம் கிடைத்ததாம்.
இங்கே செல்லாது,
போன் உறைக்குள் வைத்திருக்கிறேன் என்றாள்.
“நீ வெட்டுனதா இருக்குமா?”

எப்படிச் சொல்வது.
என்னைவிட்டுப் போகும்போது
அதற்கு முகமே கிடையாது.

“ஓரத்தத் தடவிப் பாரு.”
“வழவழன்னு இருக்கு.”
“அப்ப நாந்தான்.”